பாட்டிக்கு ஏன் மண்டையே இல்லை? புதிதாகப் படம் வரைய உட்காருபவர்களுக்கு

அம்மா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டூலைப் போட்டு ஒன்றரை மணி நேரம் வரைந்தேன். மூக்குக்கண்ணாடிக் கம்பி, இமை மடிப்பு, மூக்குக்குக் கீழே விழும் நிழல் என்று ஒன்று விடாமல் பார்த்துப் பார்த்துப் போட்டேன், எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அக்கா மகள் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, பாட்டிக்கு ஏன் மண்டையே இல்ல?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. புருவத்துக்கு மேலே ஒட்டினாற்போல் நெற்றி, உடனே முடி, அதோடு தலை முடிந்துவிட்டது. உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளந்தால் கண்கள் ஏறத்தாழ நட்டநடுவில் இருக்கும். நம்பாவிட்டால் கண்ணாடி முன்னால் நின்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நமக்கு முகம் என்றால் கண்ணும் மூக்கும் வாயும்தான். மேலே உள்ள பாதியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது, கை அந்தப் பாதியைச் சுருக்கிவிடுகிறது.

எட்டு வருடமாக வரைகிறேன். பிழைப்பு வேறு, இது பொழுதுபோக்கு மட்டும்தான், வகுப்பு எதற்கும் போனதில்லை. இந்த எட்டு வருடத் தவறுகளை உட்கார்ந்து எண்ணினால் முக்கால்வாசி அந்த மண்டை போன ரகம்தான்: எதிரில் இருப்பதைப் பார்க்காமல் மனசில் இருப்பதை வரைந்தது. கை நடுங்குகிறது, கோடு நேராக வரவில்லை என்ற கவலையெல்லாம் அதற்கு அப்புறம். ஆகவே கீழே சொல்லப்போகும் பயிற்சிகளில் பெரும்பாலானவை கைக்கு அல்ல, கண்ணுக்கு.

வாங்குவது கொஞ்சமாக இருக்கட்டும்

ஆரம்பத்தில் நான் 48 நிறப் பென்சில் பெட்டி ஒன்று வாங்கினேன். அதில் இன்றும் 30 பென்சில் கூர் மழுங்காமல் இருக்கின்றன. முதல் இரண்டு மாதத்துக்கு மூன்று பென்சில் போதும்: எச்பி, 2பி, 6பி. எச் என்றால் கடினம், கோடு மங்கலாக விழும். பி என்றால் கருமை, கூடவே மென்மை. உள்ளே இருப்பது ஈயம் அல்ல, கிராஃபைட் தூளும் களிமண்ணும் கலந்து சுட்டது. களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், குறைந்தால் கருப்பு ஏறும். பிரான்ஸில் நிக்கோலா ஜாக் கோன்டே 1795இல் காப்புரிமை வாங்கிய முறை இது, இன்றுவரை அடிப்படை மாறவில்லை. 6பியை அழுத்தித் தேய்த்துக் கன்னங்கரேல் என்று ஆக்கப் பார்த்தால் கருப்புக்குப் பதிலாகப் பளபளப்புதான் வரும், கிராஃபைட்டின் குணம் அது. மினுங்காத கருப்பு வேண்டுமென்றால் கரித்துண்டுக்குப் போக வேண்டும்.

கூடவே சாதாரண ரப்பர் ஒன்று, களிமண் போலப் பிசையக்கூடிய ரப்பர் ஒன்று. இரண்டாவதை வைத்துத் தேய்க்கக் கூடாது, தாளில் ஒற்றி ஒற்றி எடுத்தால் அதிகப்பட்ட கருமை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், தாளும் கிழியாது. பென்சில் பயிற்சிக்கு அச்சுப்பொறியில் போடும் 75, 80 ஜிஎஸ்எம் தாளே தாராளம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். விலை கூடிய ஸ்கெட்ச் புத்தகத்தை ஆரம்பத்தில் வாங்காதீர்கள் என்று சொல்வது காசுக்காக அல்ல. நல்ல புத்தகத்தைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் எனது முதல் புத்தகத்தில் நான்கு மாதத்தில் ஆறு பக்கம்தான் வரைந்திருந்தேன். உதிரித் தாளில் அந்தப் பயம் இல்லை.

முதல் பயிற்சி: தாளைப் பார்க்காமல் உங்கள் கை

வலக்கையால் வரைபவர் என்றால் இடக்கையை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலைத் தாளில் ஊன்றி, கண்ணை இடக்கை மணிக்கட்டின் ஓரத்தில் நிறுத்துங்கள். இனி கண் அந்த ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் நகர வேண்டும், பென்சிலும் அதே வேகத்தில் நகர வேண்டும், தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் ஆகும். முடிவில் வருவது கை மாதிரியே இருக்காது, விரல்கள் எங்கெங்கோ போயிருக்கும், பரவாயில்லை. ஆனால் அந்தக் கோட்டை உற்றுப் பாருங்கள், கட்டைவிரல் மடிப்பில், நகத்தின் ஓரத்தில் நீங்கள் இதுவரை போட்டறியாத நெளிவுகள் இருக்கும், அவை கண்ணிலிருந்து நேராக இறங்கியவை. தினம் ஒன்று என்று ஒரு வாரம் செய்யுங்கள். இந்த வாரம் ரப்பரைக் கையில் எடுக்காதீர்கள்.

பென்சிலை எழுதுவதுபோல் நுனியில் பிடித்தால் விரல் மட்டும்தான் அசையும், கோடு குட்டைக் குட்டையாக வரும். நீண்ட கோட்டுக்குப் பின்னால் தள்ளிப் பிடித்து, தோளிலிருந்து கையை வீசுங்கள். நுணுக்கம் வரும்போது பழைய பிடிக்குத் திரும்பிக்கொள்ளலாம்.

ஒரு குவளை போதும்

அடுத்தது வடிவம். எதிரில் ஒரு குவளையை வையுங்கள், அவ்வளவுதான். புதிதாக வரைபவர் பத்துப் பேரிடம் கொடுத்தால் ஒன்பது பேர் வாயை முட்டை வடிவமாகவும் அடியை நேர்க்கோடாகவும் போடுவார்கள். ஏன் என்றால் குவளை தட்டையான மேசையில் உட்கார்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும், தெரிந்ததை வரைகிறோம். இப்போது குவளையைக் கையில் எடுத்துக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள், வாய் ஒரே கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள், கோடு திறந்து வளையமாகும், இறங்க இறங்க அகலமாகும். அப்படியானால் மேசைமேல் இருக்கும் குவளையில் எது கண்ணிலிருந்து அதிகம் தாழ்ந்திருக்கிறது? அடிதான். ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிட ஒரு பிடி கூடுதலாக இருக்க வேண்டும், நேர்க்கோடாக இருக்கவே கூடாது. வளையத்தின் இரண்டு ஓரத்திலும் கூர்முனை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், எவ்வளவு ஒடுங்கினாலும் அந்த இடம் வளைந்துதான் திரும்பும்.

இதை ஒருதரம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டால் வாளி, தூண், சக்கரம் எல்லாம் அதே கணக்குதான். நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது, அதுவரை நான் வரைந்த பாத்திரங்கள் எல்லாம் கீழே உருளப்போவதுபோலவே நின்றுகொண்டிருந்தன.

குவளையின் கைப்பிடி சரியாக வரவில்லை என்றால் கைப்பிடியை வரையாதீர்கள், அதற்குள்ளே தெரியும் ஓட்டையை வரையுங்கள். கைப்பிடி எப்படி இருக்கும் என்று மனசுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, ஓட்டையைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது, அதனால் கண் சொல்வதைக் கேட்கும். நாற்காலிக் கால்களுக்கு இடையில் உள்ள வெற்றிடம், கிளைகளுக்கு நடுவில் தெரியும் வானம், இடுப்பில் கைவைத்து நிற்பவரின் கைக்கும் உடம்புக்கும் இடையிலான முக்கோணம் என்று எல்லாவற்றுக்கும் இந்த வழி உதவும்.

அளவெடுப்பது

கையை முழங்கை மடங்காமல் நீட்டி, பென்சிலைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குவளையின் அகலத்தைப் பென்சில் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் பிடியுங்கள். பென்சிலைச் செங்குத்தாகத் திருப்பி, அந்த அளவு உயரத்தில் எத்தனை முறை போகிறது என்று எண்ணுங்கள். படங்களில் ஓவியர்கள் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டு நிற்பது இதற்குத்தான், பந்தாவுக்கு இல்லை. முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நின்றிருக்கும் ஆளின் உயரம் சுமார் ஏழரைத் தலை என்பதையும் இப்படியே அளந்து பார்க்கலாம்.

கட்டம் போட்டு வரைவது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வான்கோ 1880இல், 27 வயதில்தான் ஓவியனாவது என்று முடிவெடுத்தார், முதல் சில வருடம் பெரும்பாலும் பென்சிலும் மையும்தான். 1882இல் அவர் ஒரு மரச்சட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, அதன் வழியாகக் காட்சியைப் பார்த்து வரைந்திருக்கிறார், தம்பிக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சட்டத்தையே படம் போட்டுக் காட்டியும் இருக்கிறார். ட்ரேஸ் எடுப்பது வேறு விஷயம். அதில் கை பழகும், கண் பழகாது, ஆறு மாதம் ட்ரேஸ் எடுத்தவர் வெற்றுத் தாளின் முன்னால் பழைய இடத்திலேயே நிற்பார்.

நிழல்

நிழலில் எல்லாரும் செய்வது, எனது பழைய படங்கள் மொத்தத்திலும் இருப்பது, பயம். எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும், கருப்பு என்று ஒன்றே இருக்காது. முதலில் ஐந்து கட்டம் போட்டு, தாளின் வெள்ளையிலிருந்து 6பியின் முழுக் கருப்பு வரை படிப்படியாக நிரப்பி, அந்தத் துண்டை வெட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு வெள்ளைப் பந்தை எடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி வையுங்கள். கண்ணை இடுக்கிப் பாருங்கள், விவரம் மங்கி வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். பந்தின் மேல் ஆகக் கருமையான பட்டை ஓரத்தில் இல்லை, ஓரத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது, கவனித்தீர்களா? ஓரத்தில் மேசையிலிருந்து எதிரொளிக்கும் மெல்லிய வெளிச்சம் விழுகிறது. பந்து உருண்டையாகத் தெரிவதற்கு அந்தச் சின்ன வெளிச்சம் பெரிய காரணம், அதைக் கருப்பாக்கிவிட்டால் தட்டையான வட்டம்தான் கிடைக்கும். மேசையில் விழும் நிழலும் ஒரே அளவு அல்ல, பந்து தொடும் இடத்தில் கருமை அதிகம், விலக விலக ஓரம் கலைந்து வெளிறும்.

விரலால் தேய்த்து மென்மையாக்கும் ஆசை வரும். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை தாளில் திட்டுத் திட்டாக இறங்கிவிடும், டிஷ்யூ தாளை மடித்துத் தேய்க்கலாம். உள்ளங்கைக்குக் கீழே ஒரு வெற்றுத் தாளை வைத்துக்கொண்டால் போட்டது அழியாது. நிழல் போதுமா என்ற சந்தேகம் வந்தால் போனில் படமெடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சட்டென்று தெரிந்துவிடும். அதே போனில் இடவலமாகத் திருப்பினால் கோணல் தெரியும், இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இல்லை என்பது எனக்கு எப்போதும் அப்படித்தான் பிடிபடுகிறது. லியோனார்டோ டா வின்சி தமது குறிப்புகளில் படத்தைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னதும் இதே தந்திரம்தான்.

வண்ணத்துக்கு வந்தால்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நீர்வண்ணத்தைத்தான் எடுப்பார்கள், சுலபம் என்று நினைத்து. வாங்குவது சுலபம், அடக்குவது கஷ்டம். ஆனாலும் அதையே எடுங்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் பொறுமையாகப் பார்க்கக் கற்றுத்தருவதில் அதற்கு ஈடு இல்லை.

இங்கே மட்டும் தாளில் சிக்கனம் வேண்டாம். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது நீர்வண்ணக்காரர்களுக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. சாதாரணத் தாளில் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பும், வண்ணம் பள்ளத்தில் தேங்கும், இரண்டாம் முறை பிரஷ் போனால் திரி திரியாக உரியும். நான் எனக்குக் கை வரவில்லை என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன், தாளை மாற்றிய அன்றே பாதிப் பிரச்சினை போய்விட்டது. 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாள், முடிந்தால் பருத்தியில் செய்தது, பெரிய தாளாக வாங்கி எட்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள், பின்பக்கத்திலும் பயிற்சி செய்யலாம். பிரஷ் உருண்டை முனையில் 8 எண் ஒன்றும் 4 எண் ஒன்றும். நிறங்கள் நான்கே நான்கு: லெமன் மஞ்சள், ரோஸ் சாயலுள்ள ஒரு சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு.

நான்கு எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் நீலம் கூடினால் மழைமேகச் சாம்பல், பழுப்பு கூடினால் மரப்பட்டை, தண்ணீர் குறைத்துக் கெட்டியாக எடுத்தால் கிட்டத்தட்டக் கருப்பு. பெட்டியில் உள்ள கருப்பைத் தொட வேண்டியதே இல்லை, அது நிழலைச் செத்துப்போகச் செய்யும். மஞ்சளும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் அடங்கிய இலைப்பச்சை. ஊதா வேண்டுமென்றால் ரோஸ் சிவப்புதான், செங்கல் சாயலுள்ள சிவப்பில் நீலத்தைக் கலந்தால் ஊதா வராமல் பழுப்புதான் வரும். அதற்குள்ளே ஏற்கெனவே கொஞ்சம் மஞ்சள் ஒளிந்திருக்கிறது, மூன்று முதன்மை நிறமும் ஒன்றாகச் சேர்ந்தால் சேறு. அப்படி இரண்டு இரண்டாகக் கலந்து ஒரு தாள் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பூசி வைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த பிறகு பாருங்கள், ஈரத்தில் இருந்ததைவிட வெளிறியிருக்கும். எவ்வளவு வெளிறும் என்பது பழகப் பழகத்தான் தெரியும்.

இனி முக்கியமான விஷயம், தாளின் மினுமினுப்பு. நனைத்த தாளைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குளம்போல் தண்ணீர் நின்றால் காத்திருங்கள். தண்ணீர் நிற்காமல் முழுவதும் ஒரே சீராக மினுங்கினால் அதுதான் தருணம், வண்ணத்தைத் தொட்டு வைத்தால் ஓரம் கலைந்து பஞ்சுபோல் பரவும், வானம் போட ஏற்றது. மினுமினுப்பு அப்போதுதான் அடங்கியிருக்கிறது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். "இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம்" என்று ஈரப் பிரஷை அந்த நேரத்தில் வைத்தால், பிரஷிலிருக்கும் கூடுதல் தண்ணீர் பாதி காய்ந்த வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் நெளிநெளியான ஓரத்தோடு ஒரு கறையாக நிறுத்திவிடும், அப்புறம் அதைத் திருத்தப் போகத் திருத்தப் போக இன்னும் பெரிதாகும். எனது வானங்களில் பாதி இப்படித்தான் போயின. புறங்கையால் தாளைத் தொடுங்கள், சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. முழுக்கக் காய்ந்ததும் அடுத்த பூச்சு, ஓரம் வெட்டினாற்போல் விழும்.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். அலையின் நுரை, கண்ணின் ஒளிப்புள்ளி, கூரையில் விழும் வெயில் எல்லாவற்றையும் முதலிலேயே தீர்மானித்துத் தொடாமல் விட வேண்டும், வெளிறியதிலிருந்து கருமைக்குப் போக வேண்டும். பென்சில் கோட்டில் அந்த இடங்களை லேசாகக் குறித்துக்கொண்டால் நல்லது, வேகத்தில் மறந்துபோகும்.

தண்ணீருக்கு இரண்டு டப்பா வையுங்கள், ஒன்று கழுவ, ஒன்று சுத்தமாக எடுக்க. மூன்றாவதாகக் குடிக்கிற டம்ளரை அந்த மேசையில் வைக்காதீர்கள், இரண்டு முறை குடித்த அனுபவத்தில் சொல்கிறேன். சில நிறங்களில், உதாரணமாக அசல் கேட்மியம் மஞ்சள், சிவப்பில், நச்சுத்தன்மை உண்டு, பிரஷ் முனையை நாக்கில் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். பிரஷை முடி கீழே இருக்கத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் முனை வளைந்துவிடும், வளைந்தது பெரும்பாலும் நிமிராது. கழுவியதும் படுக்கவைத்துக் காயவிடுங்கள்.

நிறம் மங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ட்யூபின் மேல் சின்ன எழுத்தில் நிறமி எண் இருக்கும், அல்ட்ராமரின் என்றால் பிபி 29. கடைப்பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது என்ன என்பதை அந்த எண்தான் சொல்லும். பிஆர் 83 என்று போட்ட அலிசரின் கிரிம்சன் அழகான சிவப்பு, ஆனால் வெளிச்சத்தில் மங்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு பட்டை பூசி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி ஜன்னலில் சில மாதம் ஒட்டி வையுங்கள், பிரித்துப் பார்த்தால் விடை இருக்கும்.

அக்ரிலிக், ஆயில்

அக்ரிலிக் சீக்கிரம் காயும், தவறின் மேலேயே பூசி மறைக்கலாம், நீர்வண்ணத்தில் நொந்துபோனவர்களுக்கு அது ஒரு ஆறுதல். காய்ந்தால் பிளாஸ்டிக், ஆகவே பிரஷை அப்படியே போட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் கையில் இருப்பது குச்சி. ஆயில் மெதுவாகக் காயும், நாள்கணக்கில் கலந்துகொண்டே இருக்கலாம், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் அந்த வண்ணத்தை இளக்கும் டர்பன்டைன் வாடைக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆயில் வண்ணத்தில் இருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது, காயும்போது அது சூடாகும், சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துத் தனியாக வெளியில் காயவிடுங்கள்.

எவ்வளவு நேரம், எதை வரைவது

தினம் 20 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணி நேரம் என்று வைத்தால் முதல் ஒரு மணி நேரம் பழையதை நினைவுக்குக் கொண்டுவரவே போய்விடும். பொருள் தேடி அலைய வேண்டாம், செருப்பு, சாவிக்கொத்து, கசக்கிப் போட்ட காகிதம். மனிதர்களை வரைய ஆசை என்றால் காத்திருக்கும் இடங்களில் 30 நொடியில் ஒருவர் என்று கிறுக்குங்கள், அசைந்துவிட்டால் அடுத்தவர். புகைப்படம் பார்த்து வரையலாம், ஆனால் கிட்டத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு நிஜத்தைவிடப் பெரிதாக இருக்கும், அதை அப்படியே வரைந்துவிட்டு ஆள் கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை. பிறர் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்ததை வெளியே போடுவதாக இருந்தால் எடுத்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

எந்தப் படமும் பாதியில் அசிங்கமாகத்தான் இருக்கும். நிறம் போட்டாயிற்று, கருமை இன்னும் வரவில்லை, எதுவும் எதோடும் ஒட்டவில்லை, கிழித்துவிடலாம் என்று தோன்றும். நான் அந்த நேரத்தில் எழுந்து போய்விடுவேன், மறுநாள் வந்து கருமையான இடங்களை முதலில் போடுவேன். பாதிக்குப் பாதி தேறிவிடும், மீதி தேறாது, தேறாததன் பின்பக்கம் பயிற்சிக்குப் போகும்.

ஒவ்வொரு தாளிலும் மூலையில் தேதி எழுதுங்கள், கிழித்துப்போட நினைப்பதிலும். மண்டை இல்லாத அந்தப் படத்தை நான் தேதியோடு வைத்திருக்கிறேன்.

தாள் நகராமல் இருக்க நீர்வண்ணப் படத்தின் ஓரத்தில் டேப் ஒட்டியிருந்தால், படம் முடிந்ததும் அதை, தாள் முழுக்கக் காய்ந்த பிறகு, படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெல்ல இழுங்கள். பிடிவாதம் பிடித்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் இளகும். தாள் வளைந்திருந்தால் குப்புறப் போட்டு, பின்பக்கத்தை மட்டும் ஈரப் பஞ்சால் ஒரே சீராகத் துடைத்து, மேலும் கீழும் சுத்தமான தாள் வைத்து, வீட்டில் உள்ளதிலேயே கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.